முடியும் வாக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

எலிசபெத் அரசியாரின் வாழ்வும் ஆட்சியும் என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். தமிழ்ச் சங்கத்தின் மேடையில் ஆங்கில நாட்டு அரசிக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறன்று. அந்நிய முடியாட்சியை எதிர்த்துச் சிறை சென்றோரின் வழிவந்தவர்கள் நாம். கப்பலோட்டிய தமிழரைச் செக்கிழுக்கச் செய்த ஆட்சி எந்த முடியின் பெயரால் நடந்ததோ, அந்த முடியைத் தரித்தவர் வழியில் வந்தவரே இவ்வரசியார். ஆகவே புகழ்மாலை சூட்ட நான் இங்கு வரவில்லை. இகழ்ந்து பேசவும் வரவில்லை.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஆட்சி எத்தனை ஆண்டு நீடித்தது என்பது கணக்கு. கொடுத்த வாக்கு காக்கப்பட்டதா என்பதே வரலாறு. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு எலிசபெத் அரசியாரின் நீண்ட வாழ்வை அளந்து பார்ப்போம். அதற்குப் பொருத்தமான இடம் நம் மட்டாஞ்சேரியே என்பதையும் முடிவில் காட்டுகிறேன்.

இரண்டு கொடிகளின் எல்லையில்

இன்று கொச்சி என்பது ஒரே மாநகரம். எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளும் 1967-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் ஒன்றாயின. அதற்கு முன்பு நிலைமை வேறு. 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய ஃபோர்ட் கொச்சி, சென்னை இராஜதானியின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பக்கத்திலுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் நாடு. காலாற நடந்தால் ஓர் அரசிலிருந்து மற்றோர் அரசிற்குச் சென்றுவிடலாம்! கோட்டைப் பக்கம் வாழ்ந்தவர் விக்டோரியா மகாராணியின் நேரடிக் குடிகள். இந்தப் பக்கம் வாழ்ந்தவர் கொச்சி மன்னரின் குடிகள். அம்மன்னரும் ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டியவரே.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே கொங்கணியர் வந்தனர்; குஜராத்தியர் வந்தனர்; யூதர் வந்தனர்; தமிழரும் வந்தோம். ஃபோர்ட் கொச்சி வெளியிலே தோபிகானாவில் துணி வெளுக்கும் நம் தமிழ் வண்ணார் பெருமக்கள், டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடை வெளுக்க வரவழைக்கப்பட்டோரின் வழியினர் என்று கூறுவர். முடிகள் மாறின, கொடிகள் மாறின, உழைப்பு மாறவில்லை. ஆகவே எந்த அரசனைப் பற்றிப் பேசினாலும், அவன் குடிகளாய் இருந்தோரையும் சேர்த்தே பேசவேண்டும்.

விக்டோரியா தந்த வாக்கு

எலிசபெத்தை அறிய, முதலில் விக்டோரியாவை அறிதல் வேண்டும். 1837 முதல் 1901 வரை அறுபத்துமூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டவர் விக்டோரியா. 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கம்பெனியின் ஆட்சி ஒழிந்தது. 1858-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மகாராணியின் பெயரால் ஒரு பிரகடனம் நாடெங்கும் படிக்கப்பட்டது. மதங்களில் தலையிடமாட்டோம், இனமோ சமயமோ பாராது தகுதியுடையோருக்கு அரசுப் பணி அளிப்போம் என்பன அதன் சாரம். நம் பாட்டன்மார் அதனை நம்பினர். விண்ணப்பம் எழுதுவோர் பலரும் அதனையே எடுத்துக்காட்டி எழுதினர்.

வாக்கு காக்கப்பட்டதா? 1877-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டில்லியில் பெரும் தர்பார் கூடிற்று. விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று முழங்கப்பட்டது. அதே வேளையில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? தாது வருடப் பஞ்சம்! 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடுவர். நிவாரண வேலைக்கு வந்த ஏழைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு இராத்தல் தானியமும் அற்பக் காசும் போதும் என்று கணக்கிட்டவர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி. டில்லியில் விருந்து, சேலத்திலும் மதுரையிலும் பசி. அந்நாளில் ஊரை விட்டுக் கண்டிச் சீமைக்கும் பிற நாடுகளுக்கும் புறப்பட்ட கூட்டம் கொஞ்சமன்று.

இந்தியாவின் பேரரசி என்று பெயர் பூண்ட விக்டோரியா ஒருநாளும் இந்தியாவைக் கண்டதில்லை. அப்துல் கரீம் என்னும் இந்தியப் பணியாளரிடம் முதுமையில் இந்துஸ்தானி கற்றார் என்பது உண்மை. அவருடைய உள்ளத்தில் அன்பு இருந்திருக்கலாம். ஆனால் அன்பு கடல் கடந்து வரவில்லை. வரி கடல் கடந்து சென்றது.

எதிர்பாராத முடி

இத்தகைய விக்டோரியாவின் கொள்ளுப்பேரனுக்குத் திருமகளாக, 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார் எலிசபெத். அவர் அரசியாவார் என்று அன்று எவரும் நினைக்கவில்லை. தந்தை இளைய மகன். பெரிய தந்தையே பட்டத்திற்குரியவர். அப்பெரிய தந்தை எட்டாம் எட்வர்டு என்னும் பெயருடன் 1936-இல் அரியணை ஏறினார். மணவிலக்குப் பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்மணியை மணக்க விரும்பினார். முடியா, காதலா என்ற கேள்வி எழுந்தது. ஓராண்டு நிறையுமுன்னரே முடியைத் துறந்தார். தம்பி ஆறாம் ஜார்ஜ் மன்னரானார். பத்து வயதுச் சிறுமி எலிசபெத் பட்டத்திற்குரியவரானார்.

பள்ளிக்கூடம் சென்று பயிலாத பிள்ளை அவர். வீட்டிலேயே கல்வி. ஈட்டன் பள்ளியின் ஹென்றி மார்ட்டன் என்னும் ஆசிரியர் அரசியல் சட்ட வரலாற்றைக் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1945-இல், பெண்கள் துணைப்படையில் சேர்ந்து இராணுவ வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி பெற்றார். எஞ்சினைப் பிரித்து மாட்டிய கை அது. பிற்காலத்தில் செங்கோல் ஏந்திற்று.

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், தம் இருபத்தோராம் பிறந்த நாளில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து வானொலியில் பேசினார். தம் வாழ்நாள் நெடியதாயினும் குறியதாயினும் அதனை முழுவதும் மக்கள் பணிக்கே ஒப்படைப்பதாக அன்று உறுதி கூறினார். அன்பர்களே! இச்சொல்லை நினைவில் வையுங்கள். இதுதான் அவர் தந்த வாக்கு. அவர் எந்தப் பேரரசின் மக்களை நோக்கி அவ்வாறு கூறினாரோ, அப்பேரரசின் தலைமணியாகிய இந்தியா நான்கே மாதங்களில் விடுதலை பெற்றது. அப்பேரரசு கண்ணெதிரே கரைந்தது. சொன்ன சொல் மட்டும் நின்றது.

காந்தியடிகளின் நூல்

அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாள் எலிசபெத்திற்கும் பிலிப் இளவரசருக்கும் திருமணம். போர் முடிந்தும் பங்கீடு நீங்காத காலம். மணமகளின் ஆடைக்கும் துணிப் பங்கீட்டுச் சீட்டுகளே சேர்க்க வேண்டியிருந்தது. உலகெங்குமிருந்து வைரமும் பொன்னும் பரிசாக வந்து குவிந்தன. அவற்றினிடையே வெள்ளை நூலால் பின்னிய சிறு விரிப்பு ஒன்றும் இருந்தது. காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூல் அது. நடுவே ‘ஜெய் ஹிந்த்’ என்னும் சொற்கள் பின்னப்பட்டிருந்தன. மணமகளின் பாட்டியாராகிய மேரி அரசியார் அதனை இடைத்துணி என்று தவறாக எண்ணி முகஞ்சுளித்தாராம்! உடைமை ஏதுமற்ற ஒருவர், தம் நாட்டை ஆண்ட குலத்தின் பெண்ணுக்குத் தந்த சீதனம் அது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2018-இல், இந்தியப் பிரதமர் இலண்டன் சென்றபோது அரசியார் அந்த விரிப்பை எடுத்துக் காட்டினார். பொன்னைப் பாதுகாப்பது எளிது. நூலைப் பாதுகாப்பதற்கு மனம் வேண்டும்.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவுபடுத்த வேண்டும். எலிசபெத் அரசியார் ஒருநாளும் இந்தியாவின் அரசியாக இருந்ததில்லை. 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நாம் குடியரசானோம். அவர் பட்டத்திற்கு வந்தது 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள். குடியரசாகிய ஒரு நாடு காமன்வெல்த் அமைப்பில் எவ்வாறு இருக்க முடியும் என்ற சிக்கல் 1949-இல் எழுந்தபோது, முடியை ஆட்சித் தலைமையாக அன்றி நட்புறவின் சின்னமாக மட்டும் ஏற்கலாம் என்று இலண்டனில் முடிவாயிற்று. இந்தியாவுக்காகக் கண்ட அந்த வழியே பின்னர் விடுதலை பெற்ற பல நாடுகளுக்கும் வழியாயிற்று. முடிக்குப் புதுப் பொருள் கற்பித்தவர்கள் நாம் என்று சொன்னால் மிகையாகாது.

அதிகாரமில்லாத அரசு

கென்யா நாட்டில் சுற்றுப் பயணத்தில் இருந்தபோது தந்தை மறைந்தார் என்ற செய்தி வந்தது. அன்று அவருக்கு வயது இருபத்தைந்து. 1953-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் முடிசூட்டு விழா நடந்தது. நம் நேரு பெருமகனாரும் அவ்விழாவில் கலந்துகொண்டார். எவரெஸ்ட் சிகரத்தை டென்சிங்கும் ஹில்லாரியும் எட்டிய செய்தி இலண்டனில் வெளியானதும் அன்று காலையிலேதான்.

அவருடைய அன்றாடப் பணி யாது? சட்டம் இயற்றுவது பாராளுமன்றம், ஆள்வது பிரதமர். அரசருக்கு உள்ளவை மூன்றே உரிமைகள் என்று வால்டர் பேஜட் என்னும் அறிஞர் 1867-இல் எழுதினார். கலந்து கேட்கப்படும் உரிமை, ஊக்குவிக்கும் உரிமை, எச்சரிக்கும் உரிமை. அவ்வளவே. சிவப்புப் பெட்டிகளில் நாள்தோறும் வரும் அரசாங்கத் தாள்களைப் படிப்பது, வாரம் ஒருமுறை பிரதமரைத் தனியே சந்திப்பது என எழுபது ஆண்டுகள் இடைவிடாது செய்தார். 1874-இல் பிறந்த சர்ச்சில் அவருடைய முதற் பிரதமர். 1975-இல் பிறந்த லிஸ் டிரஸ் பதினைந்தாமவர். இடையே வந்தோர் எத்தனை கட்சியினர், எத்தனை குணத்தினர்! அவருள் எவரை அரசியார் விரும்பினார், எவரை வெறுத்தார் என்பதை உலகு அறியவில்லை. வாய் திறந்து பேசாமை எளிதன்று. நம் வீடுகளில் இரண்டு பங்காளிகளுக்கு நடுவே ஒரு திங்கள் நடுநிலையோடு வாழ்ந்து பாருங்கள். அதன் அருமை விளங்கும்!

ஆயினும் இந்த மௌனத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. தமிழர் அதனை மறத்தல் ஆகாது. எலிசபெத் இந்தியாவின் அரசியல்லர். ஆனால் 1952 முதல் 1972 வரை இலங்கையின் அரசி. 1954-இல் அங்குச் சென்று சிறப்புப் பெற்றார். அந்நாளில் அத்தீவின் தேயிலைத் தோட்டங்களில் இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவர்களாய் நின்றிருந்தனர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டமும் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கின. கோடாகன் பிள்ளை என்பவர் வாக்குரிமை கேட்டுத் தொடுத்த வழக்கு, இலண்டனில் முடியின் பெயரால் தீர்ப்பளிக்கும் பிரிவி கவுன்சில் வரை சென்றது. முடிசூட்டு விழா நடந்த அதே 1953-ஆம் ஆண்டில் அச்சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டமும் அரசியாரின் பெயராலேயே ஒப்புதல் பெற்றது.

அரசியார் அச்சட்டங்களை எழுதினாரா? இல்லை. தடுத்திருக்க இயலுமா? அரசியல் மரபு இடந்தராது. ஆனால் முத்திரை அவருடையது. அதிகாரமற்ற முடியின் அவலம் இதுதான்: நன்மையைச் செய்யும் ஆற்றல் இராது, தீமைக்குப் பெயர் மட்டும் பயன்படும். பிற்காலத்தில் ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய தோட்டத் தமிழர் சிலர் இதே கேரளத்தில் புனலூர்ப் பக்கத்து இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்தனர். அவர்களைக் காணும்போதெல்லாம் இந்த வரலாறு நம் நினைவுக்கு வரவேண்டும்.

தவறும் திருத்தமும்

அரசியாரின் வாழ்விலே சறுக்கல்கள் இல்லாமல் இல்லை. 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், வேல்ஸ் நாட்டு அபர்வான் என்னும் சிற்றூரில் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 144 பேர் மாண்டனர்; அவருள் 116 பேர் குழந்தைகள். அரசியார் அங்குச் செல்ல எட்டு நாட்கள் தாழ்த்தார். தாய்மார் கண்ணீர் காயுமுன் சென்றிருக்க வேண்டும் என்று உலகம் பேசிற்று. அந்தத் தாமதத்தை எண்ணி அவர் வாழ்நாள் முழுதும் வருந்தினார் என்று அருகிருந்தோர் கூறியுள்ளனர். பின்னர் மீண்டும் மீண்டும் அவ்வூருக்குச் சென்றார்.

1992-ஆம் ஆண்டு அவருக்குப் பொல்லாத ஆண்டு. மக்கள் மூவரின் இல்லறம் குலைந்தது. நவம்பர் 20-ஆம் நாள், தம் நாற்பத்தைந்தாம் மணநாளில், விண்ட்சர் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்று மக்கள் கேட்டனர். அடுத்த ஆண்டு முதல் அரசியாரும் வருமான வரி செலுத்தலானார். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் டயானா விபத்தில் இறந்தபோது, அரண்மனையின் மௌனம் கண்டு மக்கள் சினந்தனர். ஐந்து நாட்களுக்குப் பின் அவர் தொலைக்காட்சியில் தோன்றி, பாட்டியாகவும் அரசியாகவும் பேசினார். தவறாமல் இருப்பது தெய்வங்களுக்கு உரியது. தவறியதை உணர்ந்து திருந்துவது மனிதருக்கு உரியது.

விருந்தினராய் வந்த அரசி

ஆண்ட விக்டோரியா வரவில்லை. ஆளாத எலிசபெத் மும்முறை வந்தார். 1961-இல் குடியரசு நாள் விழாவின் விருந்தினராய் வந்தார்; ராஜ்காட்டில் காந்தியடிகளின் நினைவிடத்தில் மலர் வைத்தார். பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராய் இருந்த அவ்வாண்டில் சென்னைக்கும் வந்தார். 1983-இல் மீண்டும் வந்து, அன்னை தெரசாவுக்கு உயரிய விருது ஒன்றைத் தம் கையால் அளித்தார். மூன்றாம் முறை 1997 அக்டோபர். நம் விடுதலையின் பொன்விழா ஆண்டு. டயானா மறைந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை.

அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் நினைவிடத்தில் தலைதாழ்த்தி மலர் வளையம் வைத்தார். 1919-இல் அங்கு இறந்தோர் 379 பேர் என்பது அன்றைய அரசின் கணக்கு. மக்கள் கணக்கு அதனினும் மிகுதி. அதற்கு முதல்நாள் தில்லி விருந்தில் அந்நிகழ்ச்சியைத் துயரமானது என்று குறிப்பிட்டார். ஆனால் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அரசாங்கம் எழுதித் தராததை அரசி பேசுவதில்லை என்பது மரபு. ஆயினும் நாம் எந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்? தன் தீர்ப்புத் தவறென்று அறிந்த கணமே உயிர்நீத்த பாண்டியனின் கதையை அல்லவா? அக்கதையைப் பாடியவர் இச்சேர நாட்டு இளவல் என்பது மரபு. அந்தத் தராசில் நிறுத்தால், தலைதாழ்த்தியது பெரிது. சொல்லாமற் போனது குறையே.

சென்னையில் கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ திரைப்படத் தொடக்க விழாவிற்கு வந்தார். அப்போதைய முதல்வர் கலைஞர் கருணாநிதியும் உடனிருந்தார். மருதநாயகம் யார்? கம்பெனிக்காகப் போரிட்டு, பின் அதனையே எதிர்த்து, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான் சாகிப். அவன் கதையைத் தொடங்கி வைக்க ஆங்கில அரசியே வந்தார் என்றால், காலம் எவ்வளவு பெரிய நாடக ஆசிரியன்! படம் முடியவில்லை, அந்தக் காட்சி மட்டும் வரலாற்றில் நிறைவு பெற்றது.

அங்கிருந்து கொச்சிக்கு வந்தார். வாஸ்கோ ட காமாவை 1524-இல் முதலில் அடக்கம் செய்த செயிண்ட் பிரான்சிஸ் தேவாலயத்தைக் கண்டார். பின்னர் நம் மட்டாஞ்சேரி யூதத் தெருவிற்கு வந்து, பரதேசிப் பள்ளி என்னும் யூதர் தொழுகை இல்லத்தைக் கண்டார்.

செப்பேட்டின் முன்னே

அன்பர்களே! இப்போது நான் முதலில் கூறியதற்கு வருகிறேன். பரதேசிப் பள்ளி 1568-இல் கட்டப்பட்டது. ‘பரதேசி’ என்பதை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். அங்கே அதற்குப் பிற தேயத்தார் என்பதே பொருள். கொடுங்கல்லூரிலிருந்தும் கடல் கடந்தும் வந்த யூதர்க்குக் கொச்சி மன்னர் தம் கொட்டாரத்தின் அருகிலேயே இடமளித்தார். அரண்மனைக் கோயிலும் யூதர் பள்ளியும் அடுத்தடுத்து நிற்கும் காட்சியை நாம் நாள்தோறும் காண்கிறோம்; நாள்தோறும் காண்பதாலேயே அதன் பெருமையை மறந்துவிடுகிறோம்.

அப்பள்ளிக்குரிய செல்வங்களுள் தலையாயது பழஞ்செப்பேடு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் ஜோசப் இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த உரிமைச் சாசனம் அது. பல்லக்கு, குடை, சுங்கவிலக்கு முதலாக எழுபத்திரண்டு உரிமைகளை வழிவழியாக அனுபவிக்கும்படி மன்னன் தந்தான். எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழும் மலையாளமும் முற்றப் பிரியாத காலத்துச் சேரநாட்டு மொழி. மன்னனின் அரண்மனை எங்கே? தெரியவில்லை. அவனுடைய முடி எங்கே? தெரியவில்லை. அவன் வாக்கு மட்டும் செம்பிலே நிற்கிறது. அவனுக்குப் பின் வந்த கொச்சி அரசர்களும் அவ்வாக்கின் வழியே நின்றனர். ஐரோப்பாவில் யூதர்கள் ஊர் ஊராய் விரட்டப்பட்ட நூற்றாண்டுகளில், இங்கே அவர்கள் அச்சமின்றி விளக்கேற்றி வழிபட்டனர்.

அந்த இடத்திற்குத்தான் பிரிட்டன் அரசியார் வந்தார். அப்போதே அப்பள்ளியின் யூதர் மிகச் சிலராகிவிட்டனர். பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றுவிட்டனர். ஒருபுறம் ஆயிரம் ஆண்டு காக்கப்பட்ட சிறு மன்னனின் வாக்கு. மறுபுறம் நாடெங்கும் முழங்கி, அரை நூற்றாண்டிலேயே பொய்த்துப்போன பேரரசியின் 1858-ஆம் ஆண்டுப் பிரகடனம். இவ்விரண்டிற்கும் நடுவே, கேப் டவுனில் இருபத்தொரு வயதில் தந்த வாக்கை மூப்பிலும் சுமந்து நின்ற ஒரு பெண்மணி. எது பெரியது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வாக்கின் முடிவு

எண்பத்தைந்தாம் வயதில், 2011-இல், அவர் அயர்லாந்துக் குடியரசிற்குச் சென்றார். அந்நாடு விடுதலை பெற்றபின் அங்குச் சென்ற முதல் பிரிட்டிஷ் முடியரசர் அவரே. ஆங்கிலேயரை எதிர்த்து மாண்ட வீரர்களின் நினைவிடத்தில் தலைவணங்கினார். விருந்துரையை ஐரிஷ் மொழியில் தொடங்கினார். ஓரிரு சொற்களே, எனினும் அவை நூற்றாண்டுப் பகைமேல் தெளித்த தண்ணீராயின. அண்டை வீட்டார் மொழியில் ஒரு வணக்கம் சொல்வதால் நம் மொழி குறைவதில்லை. மலையாள மண்ணில் வாழும் நமக்கு இது புதுச் செய்தியன்று.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் விக்டோரியாவின் ஆட்சிக் காலத்தைக் கடந்தார். 2021 ஏப்ரலில் கணவர் பிலிப் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். கொள்ளைநோய்க் காலக் கட்டுப்பாடு நாட்டுக்கெல்லாம் விதிக்கப்பட்டிருந்தது. அரசி என்று விலக்குக் கேளாமல், தேவாலயத்தில் தனியே அமர்ந்து கணவரை வழியனுப்பினார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், கைத்தடியை ஊன்றி நின்று, புதிய பிரதமரை நியமித்தார். இரண்டே நாட்களில், செப்டம்பர் 8-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் காலமானார். வயது தொண்ணூற்றாறு. ஆட்சி எழுபது ஆண்டும் 214 நாட்களும். வாழ்நாள் நெடியதாயினும் குறியதாயினும் என்று சொன்னாரே, நெடியதாகவே அமைந்தது. இறுதிக்கு இரண்டு நாள் முன்வரை பணி நடந்தது.

அவருடைய முடியின் பெயரால் நேர்ந்த தீமைகளை அவருடைய கடமையுணர்ச்சி அழித்துவிடாது. தாது வருடத்துப் பசிக்கும், தேயிலைத் தோட்டத்துக் கண்ணீருக்கும் அந்த முடி விடை கூறியாக வேண்டும். ஆனால் அவர் தம் பெயரால் தாமே தந்த ஒரு வாக்கை முழுவதும் காத்தார். இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நடுநிலை.

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வாக்கு இருக்கிறது. திங்கள்தோறும் தாய்க்குப் பணம் அனுப்புவேன் என்று ஒருவர் சொல்லி வந்திருப்பார். பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிப்பேன் என்று ஒருவர் தந்தையிடம் சொல்லியிருப்பார். தங்கையை ஒரு நல்ல இடத்தில் சேர்க்கும்வரை ஓயமாட்டேன் என்று ஒருவர் சொல்லியிருப்பார். அவற்றைக் கேட்க வானொலி இல்லை. எழுதி வைக்கச் செப்பேடு இல்லை. நமக்கு முடியும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆனால் தமிழ் எழுதத் தெரியாத பேரப்பிள்ளை ஒருவன் நம் வீட்டில் வளர்வானாயின், அங்கே ஒரு வாக்கு உடைந்தது என்பது பொருள். அதை மீண்டும் ஒட்ட இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கே இச்சங்கம் இருக்கிறது.